முன்வாசலில் ஆகாத அரிசி

போன வியாழக்கிழமை, ஒரு நாலு வயதுக் குழந்தையின் வாயிலிருந்து பேரீச்சம்பழத்தைத் தோண்டி எடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். எடுத்தவர் அந்தக் குழந்தையின் தகப்பனார். குழந்தைக்கோ பசி. பழமோ நல்ல பழம். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

அன்றிலிருந்து தலை சுற்றிக்கொண்டே இருக்கிறது. உங்களிடம் கொட்டிவிட்டால் நிற்குமோ என்று பார்க்கிறேன்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் கிளியரிங் ஆபீசில் நான் கிளார்க் என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். முதலாளி காயல்பட்டினத்துக்காரர். ரமலான் மாதம் வந்தால் ஜக்காத்து கொடுப்பார். வசதியுள்ளவர்கள் ஏழைகளுக்குக் கொடுத்தே தீரவேண்டிய பங்கு அது. எங்கள் முதலாளி அதை அரிசியாகவும் துணியாகவும் பேரீச்சம்பழமாகவும் கொடுக்கிறவர்.

இந்த வருஷம் என்னைக் கூப்பிட்டார். “ஞானராஜ், உம்ம கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். லிஸ்ட்டை நீரே எழுதும்.”

நாசரேத் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் அடிவாங்கி வந்த கையெழுத்து. இஸ்லாமிய தர்மத்துக்குப் பயன்படுகிறதென்றால் சும்மாவா? உற்சாகமாக உட்கார்ந்தேன். முதலாளி சொன்ன பேர்களையெல்லாம் எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்... நிறுத்தவில்லை. லிஸ்டின் உச்சியில், அவரைக் கேட்காமலே, ஒரு பேரைச் சேர்த்தேன்.

செய்யிது காக்கா.

காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். எங்கள் ஆபீசின் டாலி கிளார்க். கப்பல் நடுக்கடலில் நிற்கும். புதுத் துறைமுகம் கட்டி முடிக்கிறவரை அப்படித்தான். சரக்கு தோணியில் ஏறி வரும். வருகிற மூட்டைகளை எண்ணி எழுதுவதுதான் காக்காவின் வேலை. கப்பல் வந்தால் வேலை. வேலை இருந்தால் கூலி. ஆறு வாரத்துக்கு முன்னால் தோணியின் பலகை வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். வீட்டில் மனைவி, மூன்று பிள்ளைகள். பள்ளிவாசலில் ஊற்றுகிற நோன்புக் கஞ்சியில்தான் அந்த வீட்டில் இரண்டு வேளை ஓடுகிறது என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? பத்து வருஷ சிநேகிதம்.

முதலாளி கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை மத்தியானம் மற்றவர்களின் பங்கையெல்லாம் சரக்குக் கிட்டங்கியில் வைத்துக் கொடுத்து முடித்தோம். காக்காவின் பங்கை மட்டும் நானே எடுத்துக்கொண்டு காயல்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன். ஒரு சாக்கு அரிசி, ஒரு சேலை, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். மழைக்காலம் ஆனதால் கையில் குடை. போகிற வழியெல்லாம் என்னை நானே மெச்சிக்கொண்டு போனேன். இப்படி மெச்சிக்கொண்டு போகிற நாளில்தான் எனக்கு உதை விழும். இது பழைய வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும்.

காக்கா முன் அறையில் பாயில் சாய்ந்திருந்தார். காலில் மூங்கில் பத்தை கட்டியிருந்தது. முகம் பாதியாகிவிட்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“வாங்கோ ஞானம்! இந்த மழையில எதுக்கு? இரிங்கோ, இரிங்கோ.”

பேசிக்கொண்டே இருந்தோம். கடைக்குட்டி பாத்துமா மெல்ல வந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தது. பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தது. நான்தான் பிரித்து ஒரு பழத்தைக் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான், லபக்கென்று வாயில் போட்டுக்கொண்டது.

“என்னத்துக்கு ஞானம் இவ்வளவு செலவு?” என்றார் காக்கா. கண் கலங்கியிருந்தது.

அந்த இடத்தில் என் வாய் சும்மா இருந்திருக்கலாம். ‘வச்சுக்கோங்க’ என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அவர்கள் மார்க்கத்து விஷயம் எனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டாமா?

“என் செலவு இல்ல காக்கா. முதலாளி ஜக்காத்து. லிஸ்ட்ல முதல் பேரே உங்க பேருதான். நானேல்லா போட்டேன்!”

காக்காவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. தோணியிலிருந்து விழுந்தபோதுகூட இல்லை. உடைந்த காலை இழுத்துக்கொண்டு நகர்ந்து, குழந்தையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டு அந்தப் பழத்தை வெளியே எடுத்தார். பாதி மென்ற பழம்.

“துப்பும்மா... துப்பு, துப்பு. நமக்கு ஆகாது.”

குழந்தை வீறிட்டது. உள்ளே திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் கோபம் வந்தது. நல்ல கோபம்.

“காக்கா, என்ன செய்திய? பசிச்ச பிள்ளை வாயிலேருந்தா புடுங்குவிய? நான் கிறிஸ்தவன், என் கை பட்டுதுன்னா?”

“அய்யோ, அப்படிச் சொல்லாதீங்கோ!” பதறிப்போனார். “உங்க வீட்டுச் சோத்தை நான் தின்னது இல்லியா? கிறிஸ்மஸ்ஸுக்கு உங்க வீட்டு முறுக்கு திங்காத வருசம் உண்டா? இது வேற. நாங்க செய்யிது வம்சம். நபி நாயகத்தோட பேரன் வழி. ஜக்காத்து எங்க வயித்துக்குள்ள போவப்படாது.”

பத்து வருஷமாக அவரைச் செய்யிது, செய்யிது என்று கூப்பிடுகிறேன். அது வெறும் பேர் என்றே நினைத்திருந்தேன். பேரிலேயே ஒரு நோட்டீஸ் போர்டு தொங்கியது எனக்குத் தெரியவில்லை.

“யார் சொன்னா போவக் கூடாதுன்னு?”

“நாயகமே சொன்னாங்கோ. சின்னப் புள்ளையா இருந்த அவங்க பேரன், தர்மத்துக்கு வந்த பேரீச்சம்பழத்துல ஒண்ணை எடுத்து வாயில போட்டுட்டாரு. அவங்களே அதைத் துப்பச் சொன்னாங்கோ. நமக்கு இது ஆகாதுன்னு தெரியாதான்னு கேட்டாங்கோ. இப்ப நான் செஞ்சதும் அதுதான்.” மெதுவாகச் சொன்னார்: “இது நபிக்கும் அவங்க குடும்பத்துக்கும் உள்ள சிறப்பு.”

சிறப்பா?

இந்த இடத்தில்தான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. சிறப்புச் சலுகை என்றால் எனக்குத் தெரிந்தது ஒரு வகைதான். எங்கள் ஆபீஸ் மானேஜருக்குத் தலைக்கு மேலே தனியாக ஒரு ஃபேன். பெரிய அதிகாரிகளின் ஜீப்புக்குத் துறைமுக கேட் தானாகத் திறக்கும். சில வருஷங்களுக்கு முன்னால் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்ததே, அப்போது வேடிக்கை பார்க்க வந்த பெரிய மனிதர்களுக்கு நிழலில் நாற்காலி போட்டு, உடைத்துப் பார்க்கத் தனியாக ஒரு கூடை சிப்பி வைத்தார்கள். சலுகை என்றால் கூடுதலாக ஏதாவது கிடைக்கவேண்டும் அல்லவா? இருக்கிறதைப் பிடுங்குவதற்குப் பேர் சலுகையா?

கேட்டே விட்டேன்.

காக்கா சிரித்தார். மெலிந்த சிரிப்பு. “நடுராத்திரி எழுந்து தொழுறது எங்களுக்கெல்லாம் இஷ்டப்பட்டா நன்மை. நாயகத்துக்கு அது கடமை. அவங்க விட்டுட்டுப் போனதை வாரிசு யாரும் எடுக்கப்படாது, அதுவும் தர்மம். அவங்களுக்குக் கொடுத்த சிறப்புல இப்படி நிறைய இருக்கு.”

“சுகமா ஒண்ணுகூட இல்லியா காக்கா?”

“இருக்கே. பூமி முழுக்கத் தொழுற இடமா ஆக்கிக் கொடுக்கப்பட்டது. முன்னால வந்த நபிமார் யாருக்கும் அது இல்ல. தோணித் தட்டுல மூட்டைக்கு நடுவுல நான் தொழுவேன்லா, நீங்க பார்த்திருக்கியளே... அது அவங்களுக்குக் கிடைச்ச சலுகைதான். சுகமானதை எல்லாருக்கும் பங்கு வச்சாங்கோ. இந்த மாதிரி உள்ளதை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டாங்கோ.”

“சரி, தர்மம் வாங்கினா என்ன தப்பு?”

“ஊர்க்காரன் கிட்ட வாங்கித் திங்கத்தான் இந்த ஆளு நபின்னு சொல்லிட்டு வந்தாருன்னு ஒரு நாக்கு பேசிடப்படாதுல்லா?”

ஆனாலும் விடவில்லை. “அப்ப பள்ளிவாசல் கஞ்சி மட்டும் ஆகுமா?”

“கஞ்சி எல்லாருக்கும் பொது. முதலாளி ஊருக்கு வந்தா அவரும்தான் குடிப்பாரு.”

எனக்கு எங்கே கோடு போட்டிருக்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. அழுது ஓய்ந்த குழந்தை சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“இதை என்ன செய்ய காக்கா? திருப்பித் தூக்கிட்டுப் போவவா?”

“அடுத்த வீட்டுல மைமூன் லாத்தா இருக்கா. புருசன் மவுத்தா போயி நாலு வருசமாச்சு. தொப்பி பின்னித்தான் சீவனம். அவ பேரு உங்க லிஸ்ட்ல இருக்கா?”

இல்லை.

“அப்ப இது அவளுக்குச் சேரவேண்டியது. நீங்க தப்பா என் பேரை எழுதிட்டியளே.”

சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த வீட்டுக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. அந்நிய ஆணுக்கு முன்னால் அவர்கள் வரமாட்டார்கள். “தூத்துக்குடி முதலாளி ஜக்காத்து” என்றேன், இந்த முறை தயங்கித் தயங்கி. “எனக்கா?” என்று ஒரு கரகரத்த குரல் கேட்டது. “உங்களுக்குத்தான்” என்றேன். “அங்கன வச்சிட்டுப் போங்கோ வாப்பா... அல்லா உங்களுக்கு பரக்கத் செய்வான்.”

முகம் தெரியாது. குரல் மட்டும் மனசில் பதிந்தது.

பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றேன். பஸ்ஸைக் காணோம். மழை பிடித்தது. அப்போதுதான் குடையைக் காக்கா வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. எந்த முகத்தோடு திரும்பப் போவது? ஒரு சிநேகிதனுடைய வீட்டுக்குப் போய், அவரை அவமானப்படுத்தி, அவர் பிள்ளையை அழவைத்துவிட்டு வந்திருக்கிறேன். கால்மணி நேரம் நனைந்து பார்த்தேன். பிறகு, வேறு வழியில்லாமல் திரும்பி நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது நோன்பு திறக்கிற நேரம் நெருங்கியிருந்தது. காக்கா முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி. “குடையா? மூலையில இருக்கு. நனைஞ்சிட்டியளே, இரிங்கோ” என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

காயல்பட்டினத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெரு ஆண்களுக்கு. வீடுகளின் பின்பக்கமாகப் பெண்கள் மட்டும் போய்வர ஒரு சந்து ஓடும், முடுக்கு என்பார்கள். அந்த முடுக்குப் பக்கத்திலிருந்து, திரைக்குப் பின்னால் ஒரு குரல் வந்தது. கரகரத்த குரல்.

“மச்சி, இந்தத் தட்டை வாங்கு. அரிசி கொஞ்சம் இருக்கு, பேரீச்சம்பழம் இருக்கு. இன்னைக்கு என் வூட்டுக்கு வந்திச்சு.”

காக்காவின் மனைவி ஏதோ தயங்கியது கேட்டது.

“என்ன யோசிக்கிறே? நாலு வருசமா உன் வூட்டு மீனும் சோறும் இந்த முடுக்கு வழியாத்தானே எனக்கு வந்திச்சு? நான் ஒரு நாளாவது ஒரு தட்டு கொண்டாந்தேனா? கொடுக்க என்கிட்ட என்ன இருந்திச்சு? இன்னைக்கு இருக்கு. வாங்கிக்கம்மா, என் கையைத் தட்டாதே.”

நான் காக்காவைப் பார்த்தேன். காக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது.

“வாங்கிக்கோ” என்றார் உள்ளே பார்த்து.

தட்டு முன் அறைக்கு வந்தது. அதே பழம். நான் பிரித்த அதே பொட்டலத்துப் பழம். என்னால் அடக்க முடியவில்லை.

“காக்கா! அது... நான் கொண்டாந்ததுல்லா?”

“தெரியும்.”

“அப்போ ஆகாதுன்னிய. இப்போ ஆகுமா?”

“அவளுக்கு வந்தது ஜக்காத்து. அவ எங்களுக்குக் கொடுக்கது ஹதியா, அன்பளிப்பு. நாயகத்து வீட்டுலயும் இது நடந்திருக்கு. பரீரான்னு ஒரு பொண்ணு. அவளுக்கு தர்மமா வந்த இறைச்சியை அவங்க வீட்டுக்குக் கொடுத்தா. அவளுக்கு அது தர்மம், நமக்கு அவ தந்த அன்பளிப்புன்னு சொல்லிச் சாப்பிட்டாங்கோ.”

“பொருள் மாறலியே காக்கா?”

“கொடுத்த ஆளு மாறிட்டுல்லா?”

மாறியது சரி. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் விஷம்போல் விரலை விட்டு எடுத்த பழம், பத்தடி தள்ளிப் பக்கத்து வீட்டுக்குப் போய், பின்வாசல் வழியாக வந்தால் விருந்தா? இதில் சலுகை யாருக்கு? வாங்க மறுத்த காக்காவுக்கா? நாலு வருஷம் கழித்து முதன்முறையாக ஒரு தட்டை நீட்டிய அந்த மைமூன் லாத்தாவுக்கா? அந்தக் குரலில் இருந்த அதிகாரத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! எங்கள் மானேஜருக்கு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தும் அது வந்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். நான் மட்டும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு, என் வீட்டு அரிசியிலிருந்து ஒரு படி கொண்டுபோயிருந்தால் காக்கா சிரித்துக்கொண்டே வாங்கியிருப்பார். சிநேகிதனாகப் போகாமல், லிஸ்டோடு போனேன். இது மட்டும் குழப்பமில்லாமல் விளங்குகிறது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். காக்கா ஒரு பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தார். பாத்துமா ஒரு பழத்தைக் கையில் எடுத்தது. ஆனால் வாயில் போடவில்லை. முதலில் வாப்பாவின் முகத்தைப் பார்த்தது. அவர் தலையாட்டினார். அப்புறம்தான் போட்டுக்கொண்டது.

மென்றுகொண்டே இன்னொன்றை எடுத்து என்னிடம் நீட்டியது. “உங்களுக்கு, மாமா.”

வாங்கிக்கொண்டேன். வாய் வரை கொண்டுபோனேன். சத்தியமாகச் சொல்கிறேன் — நானும் காக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டேன்.