கூழில் போட்ட உப்பு

முதலில் மூச்சுதான் வாங்கியது. உப்பளத்தில் பலகை பிடித்து உப்பு வாரும் ஆளுக்கு மூச்சு வாங்குவது ஒரு செய்தியா? நானும் அப்படித்தான் நினைத்தேன். சுனாமி வந்துபோன அடுத்த சீசன் அது. எங்கள் மரக்காணம் அளத்தில் பாத்திகளெல்லாம் சேறு ஏறிக் கிடந்தன. சேற்றை வழித்து, வரப்பு கட்டி, தண்ணீர் பாய்ச்சி, மறுபடி உப்பு விளைவதற்குள் எல்லோருக்கும்தான் இடுப்பு ஒடிந்தது.

பிறகு மலம் கறுப்பாகப் போனது, தார் மாதிரி. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. வெயில் சூடு என்று நானே முடிவுகட்டி மோர் குடித்தேன். எனக்கு நானே டாக்டராக இருந்த காலம் அது.

என் மனைவி தனலட்சுமிதான் ஒரு நாள் என்னைப் பிடித்து உட்காரவைத்து, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "இன்னாங்க இது, உப்பு மாதிரி வெளுத்துப் போயிருக்குது" என்றாள். அன்றைக்கே திண்டிவனத்துக்கு பஸ் ஏற்றிவிட்டாள். இல்லை, ஏற்றிவிடவில்லை, கூடவே வந்தாள். அதற்கப்புறம் நான் போன எந்த ஆஸ்பத்திரிக்கும் அவள் கூட வராமல் இருந்ததில்லை.

திண்டிவனத்தில் இரத்தம் குறைவு என்றார்கள். புதுச்சேரியில் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பைக்குள் பார்க்கும் சோதனை) செய்தார்கள். இரைப்பைச் சுவரில் ஒரு கட்டி இருந்தது. அது உள்ளுக்குள் கசிந்து கசிந்துதான் கறுப்பாகப் போயிருக்கிறது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடுத்ததைப் பயாப்ஸிக்கு (சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) அனுப்பினார்கள்.

முடிவு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டாக்டர் தாளைப் பார்த்துக்கொண்டே, "ஜிஸ்ட்" என்றார். இரைப்பை, குடல் சுவரில் எப்போதாவது யாருக்காவது வருகிற அரிய வகைப் புற்றுநோயாம். கல்லீரலிலும் இரண்டு மூன்று புள்ளிகள் தெரிந்தன. வழக்கமான கீமோவுக்கு (புற்றுநோய் செல்களைக் கொல்லும் மருந்து ஏற்றுவது) இது மசியாது என்றார். பல்பொடி பெயர் மாதிரி இருக்கிறதே, இதுவா என்னைக் கொல்லப்போகிறது என்று ஏதோ கிறுக்குத்தனமாகத் தோன்றியது.

"சென்னையில ஒரு ஆய்வு நடக்குது. இதுக்கே இதுக்குன்னு ஒரு மாத்திரை. போய்ப் பாருங்க" என்று அந்த டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர் கையெழுத்தை இன்றும் கும்பிடுகிறேன்.

ஆய்வு என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் கலவரம். பெருமுக்கல்லிலிருந்து வந்த என் மச்சான், "ஏம்பா ஏழுமலை, எலிக்குப் போட்டுப் பாக்கறத ஒனக்குப் போட்டுப் பாக்கப் போறாங்களாமே?" என்றான். நான் சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

சென்னை ஆஸ்பத்திரியில் ஆய்வைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா அவசரமே படாதவர். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினார்கள். மாத்திரை வேலை செய்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டதாம். எந்த அளவில் கொடுத்தால் எங்கள் மாதிரி ஆட்களுக்கு நல்லது என்பதுதான் கேள்வி. சிலருக்குக் குறைந்த அளவு, சிலருக்குக் கூடுதல். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு எடுக்கும். எப்போது வேண்டுமானாலும் நான் விலகலாம். உடம்புக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவர்களும் என்னை நிறுத்திவிடுவார்கள்.

மற்ற எல்லாம் காதில் விழுந்து போனது. இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. நிறுத்திவிட்டால் எனக்கு வேறு மருந்து கிடையாது.

எனக்குக் கூடுதல் அளவு விழுந்தது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு, பெரிய டம்ளர் தண்ணீரோடு மாத்திரைகள். கூடவே ஒரு டைரி. மாத்திரை போட்ட நேரம், உடம்பில் ஏற்பட்ட மாற்றம், வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கட்டம். ஆய்வு நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தார். பத்தாவது வரை படித்தவன் என்ற திமிர் எனக்கு உண்டு. என் டைரி போல அழகான டைரி அந்த ஆஸ்பத்திரியிலேயே கிடையாது என்று சிஸ்டர் சொன்னபோது, பரீட்சையில் பாஸானது போல இருந்தது.

அழகாக இருந்தது, உண்மைதான். ஆனால் அதில் எதுவும் இல்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. விரல்கள் மடங்கிக்கொண்டன. அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை. வெயிலில் வியர்த்து வியர்த்து மதியம் ஆனால் யாருக்காவது கால் இழுக்கும். உடனே பக்கத்துப் பாத்தியிலிருந்து ஒரு கை உப்பு எடுத்துக் கூழில் போட்டுக் கரைத்துக் குடிப்போம். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். எங்கள் அப்பா அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான் செய்தேன். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த அந்த மாதங்களிலும், காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு, உப்புக் கரைத்த கூழ் குடித்தேன். இழுப்பு நிற்கவில்லை. சரி, உப்பு போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தேன்.

டைரியில், மாற்றம் என்ற கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். வேறு மருந்து என்ற கட்டத்திலும் 'இல்லை'. பொய் எழுதுகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லோருக்கும் இழுக்கிற கால் என்ன மாற்றம்? உப்பு எப்போது மருந்தானது?

இரண்டு மாதத்தில் முகம் பொங்கலுக்கு ஊறவைத்த அரிசி மாதிரி உப்பிப்போனது. கண் திறக்க முடியவில்லை. செருப்பில் கால் நுழையவில்லை. வயிறு முன்னால் தள்ளியது. படுத்தால் மூச்சு முட்டியது. ஊரில் பார்த்தவர்கள், "மாத்திர நல்லா வேல செய்யுது, ஆளு பூசனாப்பல இருக்கான்" என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். தனம் மட்டும் டைரியை எடுத்துப் பார்த்தாள்.

சென்னையில் எடை பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"ஏழுமலை, கட்டி வளரலை. அது நல்ல சேதி. ஆனா காலு, வயிறு, நுரையீரலைச் சுத்தி எல்லாம் நீர் கோத்திருக்குது. இந்த மாத்திரையால கொஞ்சம் நீர் கோக்கறது உண்டு. இந்த அளவுக்கு வந்தா, ஆய்வு விதிப்படி உங்களை நிறுத்தித்தான் ஆகணும்."

"நிறுத்திட்டா?"

அவர் மேஜையில் இருந்த என் டைரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எல்லாம் ஒன்றுமில்லைன்னே இருக்குது. இவ்ளோ வீங்கினவர் எப்படி ஒண்ணுமில்லைன்னு எழுதினீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தனம்தான் வாயைத் திறந்தாள்.

"மேடம், இது அந்த நோட்ல எழுதற விஷயமா இன்னான்னு எனக்குத் தெரியல. இவருக்கு டெய்லி கால் இழுக்குது. அதுக்குக் கூழ்ல உப்பு போட்டுக் குடிக்கிறாரு."

"எவ்ளோ உப்பு?"

தனம் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். "காலையில இந்தா, இவ்ளோ. சாயங்காலம் இவ்ளோ."

டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கால் இழுக்குதுன்னு ஏன் சொல்லலை?" என்றார்.

"அளத்துல எல்லாருக்கும் இழுக்கும் மேடம்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். கால் இழுத்ததே இந்த மாத்திரையால்தான் என்றார். உப்பால் நிற்கிற இழுப்பு இது இல்லை. ஏற்கெனவே நீர் கோக்க வைக்கிற மாத்திரைக்கு மேல் நான் கை கையாக உப்பைக் கொட்டி, அந்த நீரை உடம்பிலேயே கட்டிப் போட்டிருக்கிறேன். வாய்க்காலை அடைத்துவிட்டுப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறதே என்று தவித்த கதை.

"அப்போ தப்பு மாத்திரை மேல இல்லையா?" என்று தனம் கேட்டாள்.

"முழுசா இல்ல. உப்பை நிறுத்திப் பாப்போம். ஆய்வுக் குழுவுக்கு நான் எழுதறேன்." எழுந்து நின்றவர், "உங்க மேல மட்டும் தப்பு சொல்ல முடியாது, ஏழுமலை. உப்பு பத்தி நாங்களும் கேக்கலையே" என்றார். எவ்வளவு படித்தவர்! என்னிடம் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அன்று எனக்கு வந்த அழுகைக்குப் பாதிக் காரணம் பயம், பாதிக் காரணம் அந்த ஒரு வார்த்தை.

ஒரு வாரம் வார்டில் இருந்தேன். மாத்திரையை நிறுத்திவைத்தார்கள். சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் ஊசி போட்டார்கள். உப்பில்லாத சாப்பாடு. உப்பு விளைகிற ஊர்க்காரன் உப்பில்லாத ரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்ததைப் பார்த்து வார்டே சிரித்தது. தினமும் காலையில் எடை பார்க்கும்போது தனம் சாமி கும்பிடுவது போல மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்பாள். முள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறங்கியது. எட்டாவது நாள் என் செருப்பு எனக்குப் பொருந்தியது.

ஆய்வைக் கண்காணிக்கும் குழு நான் தொடரலாம் என்றது. அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முகம் தெரியாத அவர்களுக்கும் நன்றி. மாத்திரையை மறுபடி ஆரம்பித்தபோது என் டைரியின் எழுத்து அழகாக இல்லை. கட்டத்துக்கு வெளியே வழிந்தது. வாய் கசந்தது, கண் வீங்கியது, தனத்திடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தது, எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியைச் சிஸ்டர் வாசித்துவிட்டு, "இதுக்கு மாத்திரை காரணம் இல்லை" என்று அடித்துவிட்டார்.

அடுத்த ஸ்கேனில் கல்லீரல் புள்ளிகள் சுருங்கியிருந்தன. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். குணமாகிவிட்டது என்று டாக்டரம்மா ஒருபோதும் சொன்னதில்லை. "அடங்கி இருக்குது" என்பார். எனக்கு அது போதும்.

மறு வருஷம், வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தேன். வராந்தாவில் எனக்குப் பக்கத்தில் கூனிமேட்டுக்காரர் ஒருவர், மீன் வியாபாரி, புதிதாக ஆய்வில் சேர வந்திருந்தார். ஸ்டெல்லா சிஸ்டர் அவருக்குப் படிவத்தை வாசித்துக்கொண்டிருந்தார். பழகின கேள்விகள்தானே என்று நான் பாதி தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சாப்பாட்டிலோ கூழிலோ குடிக்கிற தண்ணியிலோ தனியா உப்பு சேர்ப்பீங்களா? ஒரு நாளைக்கு எவ்ளோ?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். "சிஸ்டர், இது முன்ன இல்லையே?"

"உங்களுக்கு அப்புறம் சேத்தது. எல்லா நோயாளிக்கும் இப்ப கேக்கறோம்" என்றார், பக்கத்தைத் திருப்பிக்கொண்டே.

அச்சடித்த தாளில் கூழ். எலிக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைக்குமா என்று மச்சானிடம் கேட்க வேண்டும் போல இருந்தது.

கூனிமேட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதெல்லாம் ஒரு கேள்வியா தம்பி? எல்லாரும் போடறதுதான."

"அண்ணே" என்றேன், "எல்லாருக்கும் இருக்கறதையும் சொல்லிடுங்க. அதையும் எழுதிக்கட்டும்."

இப்போது நான் பலகை பிடிப்பதில்லை. பாத்தித் தண்ணீரில் டிகிரி பார்க்கிறேன், அதாவது உப்பு உறைகிற பதத்துக்கு வந்துவிட்டதா என்று மீட்டரைப் போட்டுச் சொல்கிற வேலை. என் வருஷம் மூன்று மூன்று மாதமாக உடைந்திருக்கிறது. ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரைதான் எனக்குக் காலம். அதற்கப்பால் எதையும் திட்டமிடுவதில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் ஒரு நாளையும் சும்மா விடுவதில்லை. நாற்பத்தி மூன்று வருஷம் வேலைக்காரன் போல ஏவிக்கொண்டிருந்த உடம்பிடம் இப்போது காலையில் முதலில் என்ன விசேஷம் என்று கேட்கிறேன்.

இதே நோயோடு இதை வாசிக்கிறவர் யாராவது இருந்தால், உடம்பு சொல்வதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், உங்கள் நோட்டிலும் எழுதுங்கள். சின்னது, பழகினது, வெட்கமானது எதையும் விடாதீர்கள்.

இன்று காலை ஏழேகாலுக்கு, மூன்றாம் பாத்தி வரப்பில் நின்றிருந்தபோது, இடது கெண்டைக்கால் ஒரு நிமிஷம் இழுத்தது. காலடியில் உப்பு குவிந்து கிடந்தது. குனியவில்லை. சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்தேன்.