வெள்ளிக்கிழமை மட்டும் கலர் டிரஸ்

எங்கள் தெருவில் மனு எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். முதியோர் பென்ஷன், தெருவிளக்கு, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று எதுவானாலும் ஒரு வெள்ளைத்தாளோடு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் எட்டாம் வகுப்பிலேயே இந்த வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது சும்மா. நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். 'பெறுநர்' என்று எழுதும்போது எனக்கு ஒரு மிடுக்கு வரும். இன்றைக்கும் வருகிறது.

திண்டிவனத்தில் பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்ததும் வகுப்பு மொத்தமும் யூனிஃபார்மைப் பற்றிப் புலம்பியது. நான் உடனே பேனாவை எடுத்தேன். கட்டம் போட்ட டாப், கருநீல பேண்ட், அதற்கு மேல் துப்பட்டாவுக்குப் பதிலாக ஒரு கருநீலக் கோட்டு. ஜூன் மாதத்து வெயிலில் அந்தக் கோட்டுக்குள் இருப்பது இட்லிப் பானைக்குள் இருப்பது மாதிரி. இந்த நிறத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியாது. எங்களை யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் வைத்து, வாரத்தில் ஒரு நாள் எங்கள் விருப்பப்படி உடுத்தி வர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டு எழுதினேன். வகுப்பே கையெழுத்துப் போட்டது. தலைமையாசிரியை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார்.

"ஏம்மா, பட்டா கேக்குற மாதிரியே எழுதி வச்சிருக்க?"

"பழக்கம் மிஸ்."

"சரி. வெள்ளிக்கிழமை கலர் டிரஸ். நாலு வாரம் பாப்போம். எதனா வம்பு வந்துச்சுன்னா அதையும் நீயேதான் வந்து சொல்லணும். வேற யாரு வாயாலயும் நான் கேக்கக்கூடாது."

எங்கள் வகுப்பில் அன்றைக்கு நான் முதலமைச்சர் மாதிரி நடந்தேன்.

என் பக்கத்தில் உட்காரும் தோழியும் எங்கள் ஊர்தான். கிளியனூருக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஊர். இருவரும் ஒரே பஸ். அவளிடம் வெளியே போட்டுக்கொள்ள நல்ல சுடிதார் இல்லை. அவள் சொல்லவில்லை, எனக்கே தெரியும். என்னிடம் இரண்டு இருந்தன. பொங்கலுக்கு விழுப்புரத்தில் எடுத்த மயில்நீலத்தை அவளிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை அவள் வீட்டுக்கே போய், இரட்டைச் சடையை அவிழ்த்து ஒற்றைச் சடையாகப் பின்னி, கனகாம்பரமும் வைத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நானாடி இது?" என்றாள். எனக்கு அதுவும் என் வெற்றிக் கணக்கில் சேர்ந்தது.

பஸ்ஸில்தான் முதல் அடி. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பாஸ் உண்டு. ஆனால் அது கைக்கு வர ஆடி மாதம் ஆகிவிடும். அதுவரை யூனிஃபார்ம்தான் பாஸ். இப்போது மாதிரி டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத காலமும் அல்ல அது. ஒரு வாரமாக மனு, கையெழுத்து என்று அலைந்த எங்களில் ஒருத்திக்கும் இது தோன்றவில்லை.

"டிக்கெட்டு, டிக்கெட்டு" என்று வந்த கண்டக்டர் எங்கள் முன்னால் நின்றார்.

"ஸ்கூலுண்ணா" என்றேன்.

"எந்த ஸ்கூல்ல பாப்பா மயில் கலர்ல யூனிஃபார்மு?"

"இன்னிக்கு கலர் டிரஸ் டே. எங்க எச்செம்மே பர்மிஷன் குடுத்துட்டாங்க."

"எச்செம்மு குடுத்தா? என் டிப்போ மேனேஜரு குடுக்கலியே. கலர் டிரஸ்ஸுன்னா கலர் டிரஸ்ஸுக்கு டிக்கெட் எடு."

பின் சீட்டில் ஒரு அம்மா, "உடுப்பா, கல்யாணத்துக்குப் போறாப்ல அழகா கீதுங்க" என்றார். கண்டக்டர், "கல்யாணத்துக்குப் போறதுங்களுக்கு ஓசியாக்கா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எங்களிடம் காசு இல்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டோம். வழியில் வந்த தெரிந்த அண்ணனின் மினி வேனில் தொற்றிக்கொண்டு, மணி அடித்து அரை மணி கழித்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் குதித்தோம்.

அங்கே விழுப்புரம் பஸ்ஸுக்காகத் தோழியின் அத்தை நின்றிருந்தார். அவள் அப்பாவின் அக்கா. வழக்கமான பஸ்ஸில் போயிருந்தால் அந்நேரம் நாங்கள் வகுப்பில் இருந்திருப்போம். அத்தை முதலில் அவளை அடையாளமே காணவில்லை. பிறகு கண்ணை அகல விரித்து, தலையிலிருந்து கால்வரை ஒரு முறை, காலிலிருந்து தலைவரை ஒரு முறை பார்த்தார்.

"அடியம்மா! எந்தம்பி பொண்ணா இது? எப்படி வளந்துட்டா பாரு!"

நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். அலங்காரம் என்னுடையதல்லவா.

இரண்டாவது வெள்ளி வருவதற்குள் பஸ்ஸுக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். கலர் டிரஸ்ஸுக்கு மேல் கருநீலக் கோட்டைப் போட்டு ஏறுவது, இறங்கியதும் கழற்றிப் பையில் வைப்பது. கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மேல ஸ்கூலு, கீழ சினிமாவா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். ஆனால் அன்றைக்குத் தோழி வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன். மூன்றாவது வெள்ளியும் வரவில்லை. திங்கள் முதல் வியாழன் வரை வருகிறவளுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் எப்படிக் காய்ச்சல் வரும்?

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களையெடுக்கப் போயிருந்தார். அவள் கேப்பைமாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"என் டிரஸ்ஸத் திருப்பிக் கேக்க மாட்டேன்டி. அதையே வாரா வாரம் போட்டுக்கோ. இதுக்கா லீவு போடுவாங்க?"

"டிரஸ்ஸு இல்லன்னுட்டா நானு லீவு போட்டேன்? போடி லூசு."

"அப்புறம் இன்னாடி?"

கையில் ஒட்டிய மாவை உருட்டிக்கொண்டே சொன்னாள். "யூனிஃபார்ம் போட்டுக்கினு ரிப்பன் கட்டிக்கினு போறவரைக்கும் நான் சின்னப் பொண்ணு. யாரு கண்ணுலயும் படல. அன்னிக்கு உன் மயில் கலர்ல பாத்துட்டு எங்கத்தை நேரா அப்பாவுக்குப் போன் போட்டுச்சு. அத்தை பையன் லாரி ஷெட்டுல இருக்கான் இல்ல? பொண்ணு தயாராயிட்டா, தையில முடிச்சிடலாமான்னு கேக்குது. வெள்ளிக்கிழமைன்னா மயிலம் கோயிலுக்கு வர்ற சாக்குல இந்தப் பக்கம்தான் சுத்துது. இன்னொரு தபா கலர் டிரஸ்ல பாத்துச்சுன்னா என் படிப்பு பேஜாருதான்."

"அப்பா இன்னா சொல்றாரு?"

"பாக்கலாம்ன்றாரு. அவரு பாக்கலாம்னா பாதி சரின்னு அர்த்தம்."

நான் பின்னிய சடை. நான் வைத்த கனகாம்பரம். "மிஸ்ஸுகிட்ட மட்டும் சொல்லட்டா?" என்று கேட்டேன். மாவுச் சட்டியை மூடி வைத்துவிட்டு, "சொல்லு" என்றாள்.

திங்கட்கிழமை மனு இல்லாமல், வெறுங்கையோடு தலைமையாசிரியை முன்னால் நின்றேன். கேட்டுவிட்டு, "அவங்கப்பாவ நான் கூப்பிட்டுப் பேசறேன். அது என் வேலை. வெள்ளிக்கிழமைய இன்னா பண்றது? நிறுத்திடலாமா?" என்றார்.

நிறுத்தச் சொல்லத்தான் போனேன். வாய் வேறு மாதிரி சொன்னது. "வேணாம் மிஸ். கலர் டிரஸ் வேணும்ன்றவங்க போட்டுக்கட்டும். யூனிஃபார்ம் வேணும்ன்றவங்க அதுலயே வரட்டும்."

"அவ ஒருத்தி மட்டும் யூனிஃபார்ம்ல வந்தா எல்லாரும் ஏன் ஏன்னு நோண்டுவாங்களே?"

"ஒருத்தி இல்ல மிஸ். ரெண்டு பேரு."

சொல்லிவிட்டேனே தவிர, வீட்டில் சித்தி கொடுத்த புது மஞ்சள் சுடிதார் மடிப்புக் கலையாமல் காத்திருந்தது. நாலாவது வெள்ளி காலை அதை ஒரு முறை எடுத்துப் பார்த்தேன். அப்படியே உள்ளே வைத்துவிட்டுக் கட்டம் போட்ட டாப்பையும் கோட்டையும் மாட்டிக்கொண்டேன்.

வகுப்பு சும்மா விடுமா? "இன்னாடி தலைவரே, ஊரையே கலர்ல வரச்சொல்லிட்டு நீ பழைய போஸ்டர் மாதிரி அதே கட்டத்துல வந்து நிக்கிற?" என்றாள் ஒருத்தி. "துவைக்கல போல" என்றாள் இன்னொருத்தி.

"என் இஷ்டம்" என்றேன். "இஷ்டம் கேட்டுதான மனு குடுத்தோம்? உங்க இஷ்டம் கலரு. எங்க இஷ்டம் கட்டம்." தோழி தலையைக் குனிந்து சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அத்தை நிஜமாகவே அவள் வீட்டுக்கு வந்தார். நடந்ததைத் தோழி திங்கட்கிழமை நடித்தே காட்டினாள். இரட்டைச் சடை, ரிப்பன், கோட்டு, மடியில் விலங்கியல் ரெக்கார்டு நோட்டு, அதில் பாதி வரைந்த தவளை. அத்தை அவளைப் பார்த்து, தவளையைப் பார்த்து, "இன்னும் சின்னப்புள்ளையாட்டமே கீறா" என்றாராம். அப்பா டீயை நீட்டி, "ஆமாக்கா, ஸ்கூல்லேர்ந்து எச்செம்மே போன் பண்ணாங்க. பன்னெண்டாவது முடிக்கட்டும்" என்றாராம்.

நாலு வாரம் முடிந்ததும் தலைமையாசிரியை கூப்பிட்டார். "என்ன லீடரு, உன் வெள்ளிக்கிழமை ஜெயிச்சுதா, தோத்துச்சா?"

"தெரியல மிஸ்" என்றேன். "ஆனா அவ வந்துட்டா. அட்டெண்டன்ஸ பாருங்க."