ஃபேன் றெக்கையில் எங்கள் வீட்டுப் பேர்

கோயில் மண்டபத்தில் அந்த நடு ஃபேனுக்குக் கீழே அப்பா ஏன் உட்கார மாட்டேங்கிறார் என்று நீங்கள் அண்ணன் தங்கச்சி இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இந்தச் சித்திரைத் திருவிழாவில், வேர்த்துக் கொட்டுகிற நேரத்தில் எழுந்து தூணோரமாகப் போய்விட்டேன் என்று பாப்பாவுக்குக் கோபம். வாயால் சொன்னால் பாப்பாவுக்குப் பாதிதான் போய்ச் சேரும். எழுதினால் முழுசும் சேரும். அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

பாப்பா பிறந்தது பட்டுக்கோட்டையில். பிறந்த அன்றே அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மடியில் இருந்த அரசாங்கக் காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "போங்கண்ணே, உள்ள போங்க. எல்லாம் இதுல வந்துரும்" என்றது. அம்மா பிழைத்து வந்தாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அதற்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பாப்பா ரொம்ப நல்ல பிள்ளை என்று ஊரே சொல்லும். அறுவடை மிஷின் பக்கத்து வயலில் உறுமிக்கொண்டு திரும்பும். வரப்பு மரத்தில் கட்டின தூளியில் பாப்பா அசையாமல் தூங்கும். "உன் மகளுக்கு என்னா தூக்கம்டா" என்று மிஷின்காரர்கூடச் சிரித்தார். அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பாப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு நாள் தாம்பாளத்தைக் கீழே போட்டுப் பார்த்தாள். ணங்கென்று விழுந்தது. பாப்பா திரும்பவே இல்லை.

தஞ்சாவூரில் காது டாக்டர் சோதித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வயசு தாண்டட்டும். ஆபரேஷன் பண்ணி உள்ள மிஷின் வெச்சிரலாம். அட்டை இருக்குல்ல? அப்புறம் என்ன. ஆனா ஒண்ணு, தள்ளிப் போட்டுறாதீங்க. சின்னதுல வெச்சாத்தான் பேச்சு வரும்."

ஒரு வயசு முடிகிற சமயத்தில்தான் அட்டையைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அதற்குப் புதிதாக வருமானச் சான்றிதழ் வேண்டும். நம்முடையது குத்தகை நிலம். அந்த வருஷம் சம்பா பாதி தண்ணீரிலேயே படுத்துவிட்டது. சான்றிதழுக்கு என்ன தடை வரப்போகிறது என்று இருந்தேன்.

இடையில் உங்கள் சித்தப்பா சிங்கப்பூர் போயிருந்தார். அங்கே கம்பி கட்டுகிற வேலை. போவதற்கு வாங்கின கடனே அடையவில்லை. ஆனாலும் முதல் சம்பளம் வந்ததும் கோயில் மண்டபத்துக்கு ஒரு ஃபேன் போடச் சொல்லிப் பணம் அனுப்பினார். "ஊர்ல நம்மளையும் நாலு பேரு மதிக்கணும்ணே" என்றார் போனில். பெயிண்டர் ஒரு றெக்கையில் 'உபயம்' என்று எழுதினார். அடுத்ததில் நம் வீட்டுப் பேரைப் போட்டு 'குடும்பத்தார்' என்று எழுதினார். மூன்றாவதில் 'சிங்கப்பூர்'. எல்லாம் சிவப்பு எழுத்து. சுவிட்சைப் போட்டால் ஒன்றும் தெரியாது, காற்றுதான் வரும்.

சான்றிதழ் கொடுக்க வருவாய் ஆய்வாளர் ஊருக்கே வந்தார். முகாம் போட்டது அந்த மண்டபத்தில்தான். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் அம்மாவும் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது கரண்டு போனது. அவர் கையில் இருந்த காகிதத்தால் விசிறிக்கொண்டே, சலிப்பாக மேலே பார்த்தார். ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது.

"வீட்டுப் பேரு என்ன சொன்னீங்க?"

சொன்னேன்.

"அங்க மேல எழுதியிருக்கறது?"

"தம்பி போட்டதுங்க."

"தம்பியும் ஒரே ரேஷன் கார்டா?"

"ஆமாங்க. ஒரே வீடுதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சாமிக்கே காத்து வாங்கிக் குடுக்கற குடும்பம். இலவச இன்சூரன்ஸ் கேட்டா எப்படிங்க?"

வரிசையே சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தர், "அடுத்த வருஷம் ஏசி போடப்போறாங்க சார்" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேரோடு நான் நாற்றுப் பறித்திருக்கிறேன்.

அம்மா முன்னால் வந்தாள். "சார், பிள்ளைக்குத்தான் கேக்குறோம். அது யாருக்கும் ஃபேன் வாங்கிக் குடுக்கல."

"புரியுதும்மா. கார்டுல இருக்கற எல்லாரு வருமானமும் சேரும். நான் என்ன பண்ண முடியும்?"

மரியாதையாகத்தான் பேசினார். கை நீட்டிக் காசு கேட்கிற ஆளும் இல்லை. கண்ணால் பார்த்ததை வைத்து வருமானம் கூடுதல் என்று எழுதினார், அவ்வளவுதான். அவர் எழுதி முடித்த பிறகு கரண்டு வந்தது. ஃபேன் சுற்றியது. எழுத்து மறைந்து போனது. இன்னும் கொஞ்ச நேரம் கரண்டு இருந்திருந்தால் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பிள்ளையின் காது கரண்டை நம்பியா இருக்க வேண்டும்? பிறந்தபோது அந்த அட்டைக்குள் இருந்த பிள்ளை. அது வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறவரைக்கும், வீட்டில் யார் சம்பாதித்தாலும் யார் தோற்றாலும், அதை வெளியே தள்ளாமல் இருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? இதை நான் எங்கே போய்க் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பா பேரைக் கார்டிலிருந்து எடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். ஆள் ஊரில் இல்லாமல் எடுக்க முடியாது என்று ஒரு ஆபீசில் சொன்னார்கள். எடுக்கலாம், சர்வர் வேலை செய்யவில்லை என்று இன்னொன்றில் சொன்னார்கள். நடவு வரும், அறுப்பு வரும், போய்ப் போய் வருவேன். வழியில் பார்க்கிறவர்கள், "சிங்கப்பூர்லேருந்து அனுப்பச் சொல்லுய்யா, உனக்கென்ன" என்பார்கள். சித்தப்பா போனில் அழுதார். "அந்த ஃபேனைக் கழட்டிப் போட்டுருண்ணே." கோயிலுக்குக் கொடுத்ததை எப்படிக் கழட்டுவது? அம்மா மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை அந்த எழுத்தை அழிக்க மண்ணெண்ணெயும் துணியுமாகக் கிளம்பினாள். நான்தான் வாசலில் மறித்தேன். சித்தப்பா மேல் நீங்கள் கோபப்படாதீர்கள். மானமாக நிற்க ஆசைப்பட்டார், வேறொன்றும் செய்யவில்லை.

அதற்குள் பாப்பா நடந்தது, ஓடியது. வாய்க்காலில் இறங்கும்போது கத்திக் கூப்பிட்டால் திரும்பாது, ஓடிப் பிடிக்க வேண்டும். சித்தப்பா லீவில் வந்து கையெழுத்துப் போட்டு, கார்டு பிரிந்து, அட்டை கைக்கு வந்தபோது பாப்பாவுக்கு நாலு வயசு தாண்டிவிட்டது.

ஆபரேஷன் முடிந்தது. அதே காது டாக்டர்தான். "சத்தம் கேக்கும். பேச்சு எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது. ஏங்க இவ்வளவு லேட்டு?"

"அட்டை இல்லைங்க."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "முன்னாடி இருந்திருக்கே."

"இருந்துச்சுங்க."



இப்போது இந்தத் திருவிழாவுக்கு வருகிறேன். கூட்டம் நெருக்கி உட்கார்ந்திருந்தது, கரண்டு போனது. எல்லாரும் அய்யோ என்று விசிறிக்கொண்டார்கள். பாப்பா மட்டும் மேலே பார்த்தது. ஃபேன் நின்றதும் எழுந்து நின்று, ஒவ்வொரு றெக்கையாக விரலை நீட்டிச் சத்தமாகப் படித்தது. இரண்டாம் வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்து. நம் வீட்டுப் பேர் வந்ததும் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, பார் பார் என்று காட்டியது. அதன் முகத்தில் அத்தனை பெருமை.

பக்கத்தில் இருந்தவர் குனிந்து கேட்டார்: "என்னப்பா சொல்லுது பிள்ளை?"

"ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து தூணோரமாகப் போனேன்.

பாப்பா, நீ ஒரு எழுத்தைக்கூடத் தப்பாகப் படிக்கவில்லை. அங்கே இருந்த யாருக்கும் உன் பேச்சு விளங்கவில்லை, அவ்வளவுதான்.