அம்மா இடம் பார்த்த பட்டாளம்

எங்கள் அம்மாவைப் பட்டாளத்தில் சேரச் சொல்லி இன்றைக்கும் செய்தி வந்துகொண்டிருக்கிறது. "வீரரே, தாய்நாடு உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று அவள் போனில் வந்து விழும். காலையில் ஏலக்காய் எடுக்கப் போகும் ஜீப்பு போடிமெட்டு வளைவுகளில் ஏறும்போது சிக்னல் போய்ப் போய் வருமா, அதனால் சேர்த்து வைத்து மூன்று நான்காக விழும். "இந்தா மதினி, மறுபடியும் உன்னயக் கூப்பிடுறாக" என்று கூட வரும் பெண்கள் சிரிப்பார்கள். அம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் மலையேறுகிறாள். கூப்பிடுகிறவர்களுக்கு அதெல்லாம் தெரியாது.

எல்லாம் என் தம்பி செய்த வேலை. பட்டாளத்துக்காரர்களே காசு போட்டுச் செய்து, யார் வேண்டுமானாலும் விளையாடலாம் என்று இலவசமாக விட்ட போன் கேம் அது. இளவட்டங்கள் விளையாடி, ஆசைப்பட்டு, படையில் வந்து சேர வேண்டும் என்பதற்காகவே செய்தது. அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. ஒவ்வொரு கட்டத்தில் ஜெயித்ததும் கொடி பறக்கும், பேண்டு வாத்தியம் முழங்கும், "நிஜமாகவே சேரத் தயாரா?" என்று ஒரு பொத்தான் வந்து நிற்கும். அமுக்கினால் ஆள் எடுக்கும் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். தம்பியின் போனில் கல்லூரிக் கூத்துகளின் வீடியோ நிறைந்து இடமில்லாமல் போனதால், அம்மாவின் போனில், அம்மாவின் நம்பரைக் கொடுத்து இறக்கினான். சாயங்காலம் அவள் ஜீப்பிலிருந்து இறங்கி முகம் கழுவி முடிப்பதற்குள் போன் அவன் கைக்குப் போய்விடும்.

நான் போடியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். நாள் முழுக்க வருகிறவர்களை உட்கார வைத்து "இது தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கேட்பதே என் சோலி. வீட்டுக்கு வந்தால் தம்பி போனை மூக்கோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "கண்ணு போயிரும்டா. என் கடைக்கு ஆள் சேக்குறியா?" என்று கத்துவேன். அவன் காதில் விழாது. அவன் அப்போது ஏதோ ஒரு பனிமலையில் இருப்பான்.

டிகிரி முடித்து எங்கும் வேலை அமையாமல் இருந்த காலம். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவன், சோற்றில் கை வைத்தபடி, "எம்மா, நான் பட்டாளத்துக்குப் போறேன்" என்றான். அம்மா குழம்பை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். சோறு முங்கிக் குழம்பு தட்டு விளிம்புக்கு வந்த பிறகுதான் கரண்டியை எடுத்தாள். அப்பா ராசிங்காபுரத்தில் ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு இருக்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டு "அம்மா என்ன சொல்றா?" என்றார். எங்கள் வீட்டில் கருத்துச் சொல்லும் பொறுப்பை அவர் அம்மாவிடம் ஒப்படைத்துப் பல காலம் ஆகிறது.

மலைக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது எஸ்டேட்டிலிருந்து ஆள் கேட்டு வந்தால் உடனே மூட்டை கட்ட மாட்டார்கள். ஒருத்தர் முதலில் போய் இடம் பார்த்துவிட்டு வர வேண்டும். தண்ணீர் எங்கே, தங்குகிற லயத்தில் கூரை ஒழுகுமா, கதவுக்குக் கொண்டி இருக்கிறதா, அட்டைக்கடி எப்படி, கங்காணியின் வாய் எப்படி. எங்கள் ஜீப்பில் அந்தப் பொறுப்பு அம்மாவுக்கு. அவள் சரி என்றால் ஜீப்பே போகும். நான் கல்லூரி விடுதியில் சேரும்போதும் அவள்தான் இடம் பார்த்தாள். சமையலறைக்குள் நேராகப் போய்ச் சாம்பாரைக் கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, "கொஞ்சம் புளி கம்மியாப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். வெட்கத்தில் நான் ஒரு வாரம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

பட்டாளத்தை எப்படி இடம் பார்ப்பது? அம்மா அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளைச் சரிக்கட்டும் அவசரத்தில் தம்பி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். "பட்டாளத்துக்காரங்களே செஞ்சதும்மா. எல்லாம் அப்படியே நிஜம் மாதிரி. இதப் பார்த்தா அங்க போய்ப் பார்த்த மாதிரிதான்."

"அப்படியா? அப்பக் கொண்டா" என்றாள் அம்மா.

கண்ணாடி போட்டுக்கொள் என்று எத்தனையோ தடவை அவளைக் கெஞ்சியிருக்கிறேன். "காய் எடுக்கக் கண்ணாடி எதுக்கு, கையே பாக்கும்" என்று தட்டிக் கழித்துவிடுவாள். அன்றைக்கு அவளாகவே என்னிடம், "ஆத்தா, நாளைக்கு வரையில எனக்கு ஒரு கண்ணாடி கொண்டா" என்றாள். கண்ணாடிக் கடைக்காரியின் தாய் கடைசியில் பட்டாளம் பார்ப்பதற்காகக் கண்ணாடி போட்டாள்.

முதல் நாள் கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். கேமில் ஒரு அதிகாரி வந்து விறைப்பாக நின்று இந்தியில் ஏதோ உத்தரவு போட்டான். மலைமேல் எஸ்டேட்டெல்லாம் கேரளாப் பக்கம் என்பதால், தமிழ் பேசாதவர் யாராக இருந்தாலும் மலையாளத்தில் பதில் சொல்வதுதான் எஸ்டேட்டுப் பழக்கம். அம்மா போனைப் பார்த்துப் பணிவாக, "வராம் சாரே, இப்போ வராம்" என்று உடனே வருவதாகச் சொன்னாள். அப்புறம் தன் சிப்பாயை நடத்திக்கொண்டு போய்ச் சுவரில் முட்டினாள். திருப்புகிறேன் என்று எதையோ தொட, துப்பாக்கி வெடித்துப் பக்கத்தில் நின்ற சொந்தப் படைக்காரன் விழுந்தான். "ஐயோ அப்பு, பட்டுருச்சா?" என்று பதறிப் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆனால் விடவில்லை. ஜீப்பிலும் கொண்டுபோனாள், அங்கே முழு ஜீப்பும் சேர்ந்து இடம் பார்த்தது. சிப்பாய் ஒரு வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தால், "கொண்டி போச்சுன்னா யாரு மாட்டிக் குடுப்பா?" என்று ஒருத்தி கேட்பாள். அவன் ஆற்றில் இறங்கினால், "ஈரத்துணியோட நிக்கிறானே, சளி பிடிக்காது?" என்று இன்னொருத்தி. ஓட்டுகிற அண்ணன் கொண்டையூசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே, "எந்தக் கட்டத்துல இருக்கீக?" என்று விசாரிப்பார். எந்தக் கட்டமும் இல்லை. அம்மா ஒரு கட்டம்கூடத் தாண்டவில்லை. அவள் சமையல்கட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

தேடுகிறபோது செத்துச் செத்துப் போனாள். அதற்குக் காரணம் ஏலச்செடி. ஏலச்செடியில் காய் உச்சியில் காய்க்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு ஓடும் சரத்தில்தான் காய் இருக்கும். அதனால் காய் எடுக்கிறவர்களுக்கு எந்தச் செடியைப் பார்த்தாலும் முதலில் கண் அடித்தூருக்குத்தான் போகும். அம்மாவின் சிப்பாயும் குண்டு பறக்கிற இடத்தில் ஒவ்வொரு புதருக்கும் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து தூரைப் பார்ப்பான். எதிரிகளோ மாடியிலும் பாறை உச்சியிலும் இருப்பார்கள். "மேல பாரும்மா! மேல!" என்று தம்பி தலையில் அடித்துக்கொள்வான். அவள் நிமிர்வதற்குள் திரை சிவந்துவிடும். அடுத்த நொடி சிப்பாய் புத்தம் புதுசாக எழுந்து நிற்பான். அம்மா அவனை அடுத்த புதருக்குக் கூட்டிப் போவாள்.

எனக்கு அந்த கேம் மேல் கோபம் இருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை போட்டோ மாதிரிதான். தலையைப் படிய வாரி, நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி எடுத்தது. அதில் இருப்பது அந்த மாப்பிள்ளையேதான், ஆனால் அவர் சிடுசிடுப்பது போட்டோவில் விழாது. விளையாட்டுக் கொடுத்து ஆள் பிடிக்கிறார்களே என்று பொருமுவேன். அடியில் இருந்தது என்னவோ பயம்தான். இருப்பது ஒரே தம்பி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைக்கு வேலை இல்லாத நாளில், அம்மா இடம் பார்த்த கணக்கைச் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம்.

"சமையக்கட்டு இல்ல. கக்கூசு இல்ல. கட்டில் இருக்கு, ஆனா ஒருத்தனும் படுக்கல. அத்தனை பேரு இருக்கான், ஒருத்தன் ஒருத்தன்கிட்ட வீட்டுக் கதை பேசல. ஒருத்தனுக்கும் வீட்டுல இருந்து போன் வரல" என்றாள்.

"கேம்ல அதெல்லாம் எதுக்கும்மா வைப்பாங்க" என்றான் தம்பி.

"அதான் கேக்குறேன். ஏன் வைக்கல?" அம்மா காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா ஒண்ணு நல்லா இருக்குடா. சுட்டு விழுந்தவன் அடுத்த நிமிசம் எந்திரிச்சு நிக்கிறான் பாரு, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அது அங்க உண்டான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. உண்டுன்னா நாளைக்கே போ."

நான் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். தம்பி எழுந்து வெளியே போனான்.

அன்றிலிருந்து அவன் அந்த கேமைத் தொடவில்லை. பட்டாளத்தையும் விட்டுவிட்டான் என்று நான் உள்ளுக்குள் குதித்தேன். பார்த்தால், விடிகாலையில் எழுந்து குரங்கணி ரோட்டில் ஓட ஆரம்பித்திருந்தான். ஏற்றத்தில் மூச்சு வாங்க ஓடிவிட்டு வந்து கால் வீங்கிப் படுத்துக் கிடப்பான். கேமில் அவனுக்குக் கால் வலித்ததே கிடையாது. கல்லூரியில் அவனுக்கு மூத்த செட்டில் படித்துப் படைக்குப் போன ஒருத்தரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினான். பேசிவிட்டு அம்மாவிடம் வந்து உட்கார்ந்தான்.

"எம்மா, சமையக்கட்டு ரொம்பப் பெருசாம். ஆனா ரொட்டிதான் சாஸ்தியாம். கக்கூசு இருக்காம், வரிசையில நிக்கணுமாம். குளிருக்கு விரலெல்லாம் வெடிக்குமாம். வீட்டுக் கதைதான் பொழுதன்னைக்கும் பேசுவாங்களாம். சில இடத்துல வாரக்கணக்கா போன் எடுக்காதாம்."

"மத்தது?"

"எது?"

"எந்திரிச்சு வர்றது."

"அது இல்லம்மா."

"தெரிஞ்சுதான் போறியா?"

"தெரிஞ்சுதாம்மா போறேன்."

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "அப்பப் போயிட்டு வா" என்றாள். 'போ' என்று சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைப் பார்த்து, "இவ எதுக்கு அழுகுறா? வெரசா உலை வையி" என்று ஒரு அதட்டு.

ஆள் எடுக்கும் இடத்தில் தம்பி எல்லாவற்றிலும் தேறிவிட்டான். சேதி வந்த அன்று ஜீப்புக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே மலையிலிருந்து இறங்கினார். பெண்கள் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார்கள். எல்லாம் ஏலக்காய். பட்டாளத்துக்கே பாயசம் வைக்கலாம். போடி ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது அம்மா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மொத நாளே சமையக்கட்டு எங்கன்னு பாத்து வச்சுக்க அப்பு" என்றாள். வழியனுப்ப வந்த கூட்டமே சிரித்தது. தம்பியும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இப்போது அவன் வடக்கே எங்கோ குளிரில் இருக்கிறான். போன் கிடைக்கிற நாளில் பேசுவான். "எம்மா, சாம்பார் வைக்கிறாங்க. உனக்குப் பிடிக்காது." "புளி சாஸ்தியா?" "புளியே இல்லம்மா." அந்தப் பேச்சையே ஒரு வாரம் ஜீப்பில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சில சமயம் பல நாள் போன் வராது. அந்த நாட்களில் வீட்டில் குழம்பு உப்புக் கரிக்கும், நான் கூடக் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிடுவேன்.

போன மாதம் அப்படிப் போன் வராத ஒரு வாரம். சாயங்காலம் கடையிலிருந்து வந்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த கேமைத் திறந்து வைத்திருந்தாள். தம்பி போனதும் அதை அழித்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முகாமுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம் இருக்கிறது. எதிரிகள் வராத பக்கம். அதன் நிழலில் அவளுடைய சிப்பாய் துப்பாக்கியோடு குத்தவைத்திருந்தான். அம்மா அவனை நகர்த்தவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்னம்மா இடம் பாக்குற?"

"எந்நேரமும் நிக்க வச்சே இருப்பாக. கொஞ்ச நேரம் உக்காரட்டும்" என்றாள்.

நான் கைப்பையைக் கூட இறக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் நேரம் முடிந்து, "பணியில் தோல்வி" என்று திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. அம்மா மறுபடி முதலிலிருந்து தொடங்கி, அவனை முகாமிலிருந்து மெதுவாக நடத்திக் கூட்டிவந்து, அதே மரத்தடியில் உட்கார வைத்தாள்.