வெயிலுக்குப் பயந்து பிடித்த பக்கம்

போன வாரம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடையில் கப்பல் டிக்கெட் போட உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து அந்தமானுக்கு, வருகிற மார்கழியில், இரண்டு பேர். மகள் அங்கேதான் குடும்பத்தோடு இருக்கிறாள். விமானத்தில் வரச்சொல்லிப் போனில் சத்தம் போடுகிறாள். என் மனைவி கோமதி மசியவில்லை. "மொத தடவ எப்படிப் போனமோ அப்படித்தான் போவணும்" என்று முடித்துவிட்டாள்.

"வலது பக்கமாப் பாத்துப் போடுங்க" என்றேன் கடைக்காரரிடம். அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு, "ஏன் அண்ணாச்சி, இதென்ன திருநெல்வேலி பஸ்ஸா, பக்கம் பாக்கதுக்கு?" என்று சிரித்தார்.

சிரிக்கட்டும். எங்கள் ஊர் வெயிலில் பக்கம் பார்க்காமல் பஸ் ஏறியவன் ஒருகாலத்தில் கிடையாது. பஸ் உள்ளே திரும்பும்போதே கூடவே ஓடிச் சன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிப்போம். அதிலும் கணக்கு உண்டு. காலையில் இராஜபாளையம் பஸ் என்றால் இடது பக்கம், திருநெல்வேலி பஸ் என்றால் வலது பக்கம்; சாயங்காலம் அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்குத் தப்பில்லாமல் வந்த ஒரே பாடம் அதுதான்.

பள்ளிக்கூடத்தை விட்டபின் லாரி கிளீனர், ரப்பர் தோட்டம், மதுரையில் ஓட்டல் வேலை என்று எங்கேயும் ஆறு மாதம் தங்கியதில்லை. சில நாள் சோறு இருக்கும், சில நாள் இருக்காது. கல்யாணத்துக்குப் பிறகும் கால் நிற்கவில்லை. அந்தமானில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் கிளம்பிவிட்டேன். கோமதி தனியே விடவில்லை. இத்தனைக்கும் பக்கத்திலிருக்கும் சிவகிரிக்குப் பஸ்ஸில் போனாலே இரண்டு இடத்தில் வாந்தி எடுக்கிறவள்.

"கூட வாரேன். ஒடம்புக்கு ஒத்துக்கிடலன்னா அதே கப்பல்ல திரும்பிருவேன். பொறவு எங்க அம்மா வீடுதான் எனக்கு. நீங்க தேடி வரப்புடாது" என்றாள். சொன்னதைச் செய்கிறவள். ஆகவே அவளுக்கு நல்ல பக்கமாக இடம் பிடிப்பதில் என் குடும்பமே அடங்கியிருந்தது.

சென்னையில் டீக்கடையில் விசாரித்தேன். கப்பல் கிழக்கே போகும் என்றார்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடும். அப்படியானால் வெயில் வலது பக்கம். பீடிக்கட்டுக் காகிதத்தில் படமே போட்டுப் பார்த்துவிட்டேன். வரிசையில் நின்று கவுன்டரை நெருங்கியதும், இடது பக்கம் சன்னலோரமாக இரண்டு படுக்கை வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

"எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணிதான்யா" என்றார் குமாஸ்தா. நான் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் திட்டத் தொடங்கியபிறகு எழுதிக் கொடுத்தார்.

கம்ப்யூட்டர் கடை வாசலில் பஸ் ஒன்று புகையைக் கக்கிவிட்டுப் போனபோது அந்தக் கப்பல்தான் என் கண்முன்னால் வந்து நின்றது. கீழ்த்தளத்தில் நீளமான கூடம், இரும்புக் கட்டில்கள், இரண்டு சுவரிலும் திறந்து மூடுகிற வட்டச் சன்னல்கள். எங்கள் கட்டிலில் துண்டைப் போட்டுவிட்டு, "நெழலு எப்படி?" என்று கோமதியிடம் பெருமையாகக் கேட்டேன். அன்று மட்டும் நன்றாக இருந்தது.

மறுநாள் காலை கப்பல் ஆடத் தொடங்கியது. எங்கள் பக்கத்துச் சன்னலில் அலை அறைந்தது. கப்பல் சிப்பந்தி ஒருவர் வந்து இடது வரிசைச் சன்னல்களை எல்லாம் இரும்பு மூடி போட்டுத் திருகிவிட்டார். காற்று நின்றது. டீசல் நாற்றமும் வாந்தி நாற்றமும் மட்டும் மிச்சம். கோமதி வெற்றிலை போல் வாடிக் கிடந்தாள்.

"எந்தூரு வே?" என்றார் சிப்பந்தி. அவர் தூத்துக்குடிக்காரர். சங்கரன்கோவில் என்றேன். "அதான! வெயிலுக்குப் பயந்து இந்தப் பக்கம் பிடிச்சீரோ? கடல்ல வெயிலா வே ஆளக் கொல்லும்? மார்கழி வாடைக்காத்து வடக்க இருந்துல்லா அடிக்கும்!"

வாடைக்குப் பயந்து வீட்டில் வடக்குச் சன்னலைச் சாத்துகிறவன்தான் நானும். பஸ் கணக்கு அதை மறக்கடித்துவிட்டது.

கோமதி கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். எழுந்தாள். என் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, கட்டில் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து எதிர்ப்பக்கம் போனாள். அங்கே ஒரு பெண், வெயில் முகத்தில் அடிக்கிறதென்று சன்னலில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

"யக்கா, சேலைய அவுத்துக்கோங்க. ஒங்களுக்கு வேண்டாத வெயில நான் வாங்கிக்கிடுதேன்."

"மூஞ்சி கறுத்துப் போகும்டி."

"இப்பமே பச்சையாத்தான இருக்கு. கறுத்தாலாவது மனுசி மாதிரி இருப்பேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு நகர்ந்தாள். கோமதி சன்னலோரம் துண்டை விரித்து, திறந்த சன்னலில் முகத்தை வைத்து, கரை தெரியும்வரை அந்த வெயிலில் உட்கார்ந்தே வந்தாள். பிறகு ஒருதரம்கூட வாந்தி எடுக்கவில்லை. நான் மூடிய பக்கத்திலேயே கிடந்தேன். அது எனக்கு வேண்டியதுதான்.

இறங்கியதும், "இதே கப்பல்ல திரும்புதியா?" என்று பயந்துகொண்டே கேட்டேன். முகம் கறுத்து, உதடு வெடித்து நின்றாள்.

"திரும்பும்போது எந்தப் பக்கம் ஒக்காரணும்னு மொதல்ல ஒழுங்காக் கண்டுபிடிங்க. பொறவு சொல்லுதேன்."

அதைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பதினோரு வருடம் ஆனது. மகள் அங்கேதான் பிறந்தாள்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் கடைசியில் சொன்னார்: "இப்ப ஏசி அண்ணாச்சி. சன்னலே தொறக்காது. எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான்." நல்ல சேதிபோலத்தான் சொன்னார். வெளியே வந்தேன். இராஜபாளையம் பஸ் வந்து நின்றது. ஏறியவர்கள் போனைப் பார்த்தபடியே வெயில் பக்கமும் உட்கார்ந்தார்கள். ஒரு துண்டும் பறக்கவில்லை.

வீட்டில் கோமதியிடம் சன்னல் திறக்காது என்று சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"கப்பல் மேல்தட்டுல புடிச்சு நிக்கக் கம்பி இருக்கும்லா?"

"இருக்கும்."

"அதையுமா மூடிருவானுவ? வலது பக்கமாப் பாத்துத் துண்டக் கட்டுங்க."

அந்தப் பழைய துண்டைத் தேடினேன். அலமாரியில் இல்லை. எப்போதோ அடுப்படித் துணியாகி, அதுவும் நைந்து போய்விட்டதாம். நாளைக்குக் கடைத்தெருவில் புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.