வங்கத்துப் பெண்ணின் வளையல்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடப்பாடிப் பக்கம் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் செவிலியாக இருந்தேன். ஒரு நாள் காலை, விசைத்தறி வேலைக்காக வங்காளத்திலிருந்து கணவனோடு வந்திருந்த ஒரு பெண்ணை அறுவைக்குத் தயார் செய்துகொண்டிருந்தோம். வயிற்றிலிருந்த பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கி இறங்கி ஏறியது. அவளோ கைகளை மார்போடு இறுக்கிக்கொண்டு வளையலைத் தொடவே விடவில்லை. இரண்டு கையிலும் சங்கு வளையல். இடது கையில் கூடவே ஓர் இரும்பு வளையல். கணவன் இருக்கும்வரை வங்காளப் பெண்கள் கழற்றாதவை.

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. "ஏனுங்க சிஸ்டர், வளையல வெட்டி எடுத்தறலாமுங்களா? நேரமாவுதுங்க," என்றேன்.

வார்டின் தலைமைச் செவிலி நிமிரவில்லை. தொடுவதற்கு முன்னால் நோயாளியின் வழக்கத்தைக் கேட்பது என்பதை எங்கள் மருத்துவமனையில் தொடங்கி வைத்தவரே அவர்தான். அதற்காக டாக்டர்களிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"நம்மூருப் பொம்பளகிட்டத் தாலிய வெட்டறேன்னு போய் நிப்பியா சாமி? அவ ஊட்டுக்காரர உள்ள கூப்புடு."

கணவனுக்குத் தமிழ் ஓரளவு புரியும். "ஆபரேசன்ல கரண்டு மிசின் வெப்பாங்க தம்பி, இரும்பு இருந்தாக் கை சுட்டுரும். சங்கு இருக்கட்டும், துணி சுத்திக்கறேன். இரும்புக்கு என்ன பண்ணலாம்னு அவங்களையே கேளுங்க," என்றார் சிஸ்டர்.

அவன் குனிந்து பேசினான். அவள் அழுதாள். நான் மானிட்டரையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தேன். கடைசியில், கணவனே கழற்றி அந்த இடத்தில் சிவப்புக் கயிறு கட்டினால் சம்மதம் என்றாள். கயிற்றுக்கு எங்கே போவது? பொறுக்க முடியாமல், என் மணிக்கட்டில் இருந்த மாரியம்மன் கோயில் சிவப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தேன்.

"இதுக்கா இத்தனை நேரம்?" என்றார் டாக்டர், தியேட்டர் வாசலில்.

"ஆமாங்க டாக்டர்," என்றபடி சிஸ்டர் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார்.

பெண் குழந்தை. உடனே அழவில்லை, முதுகைத் தேய்த்துவிட்ட பிறகுதான் அழுதது. பிறகு தாயும் பிள்ளையும் நலமாகவே இருந்தார்கள்.

மத்தியானம் சாப்பிடும்போது சிஸ்டரிடம் கேட்டேன்: "புள்ள அழாம போயிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

"தெரியல சாமி. வெட்டியிருந்தாலும் எனக்கு மனசு ஆறியிருக்காது. நாமதான் முன்னாடியே கேட்டிருக்கோணும்."

அதற்குப் பிறகு, மாதப் பரிசோதனைக்கு வரும்போதே கழற்றக் கூடாதது ஏதாவது உண்டா என்று எல்லாப் பெண்களிடமும் கேட்டுவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். இன்று அந்த வார்டை நான் பார்த்துக்கொள்கிறேன். நானும் கேட்கிறேன். ஆனால் பரிசோதனைக்கே வராமல் வலியோடு நேராக வந்து இறங்குகிறவளிடம் கேட்கும்போது, பதில் வருவதற்குள் என் கண் கடிகாரத்துக்குப் போய்விடுகிறது.