கோட்டாற்றில் வாங்கிய கூடாரம்

கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் நானும் என் கணவரும் கூடாரம் வாங்கக் கோட்டாற்றுக்குப் போனோம். அவர் சர்வே வேலையில் இருந்தார். கீரிப்பாறைக்கு மேலே காட்டின் எல்லையை அளந்து கல் நடும் வேலை. மாசி தொடங்கி வைகாசியில் எடவப்பாதி மழை வரும்வரை மலையிலேயே தங்க வேண்டும். ஆபீசில் கொடுத்திருந்த கூடாரம் ஒற்றை ஆள் முதுகை வளைத்து நுழைந்து படுப்பதற்கானது. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் அது அவரவர் பாடு என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம்.

என்னைக் கூட்டிப் போக வேண்டாம் என்று மாமியார் அவரிடம் எவ்வளவோ சொன்னார். கேட்கவில்லை. முந்தைய வருஷம் அளவுச் சங்கிலி பிடிக்கிற செயின்மேன்கள் வைத்த சோற்றைத் தின்று தன் வயிறு கெட்டுப்போனது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் காரணம் என்று நானும் நம்பினேன்.

யுத்தம் முடிந்து பட்டாளம் கலைந்த பிறகு ஏலத்தில் விட்ட சாமான்களை வாங்கி விற்கிற சாயிபு ஒருவர் கோட்டாற்றுக் கடைத்தெருவில் இருந்தார். கடைக்குப் பின்னால் நீளமான கிட்டங்கி. உள்ளே பூட்ஸ், தண்ணீர்க் குப்பி, கம்பளி, மடக்குக் கட்டில் எல்லாம் கூரையைத் தொடும்படி அடுக்கிக் கிடந்தன. எண்ணெய் போட்ட துணியும் பழைய புகையிலையும் கலந்த வாடை மூக்கைப் பிடித்தது.

என் கணவர் கேட்டது எடை குறைந்த கூடாரம். மாட்டு வண்டி போகிற இடத்துக்கு மேலே எல்லாவற்றையும் தலைச்சுமையாகத்தான் கொண்டுபோக வேண்டும். சாயிபு சின்னதாக ஒன்றை எடுத்துப் போட்டார். நான் அதைப் பார்த்துவிட்டு கணவர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னேன்.

"எழும்பி நிக்க முடியுமாண்ணு கேளுங்க."

சாயிபுவுக்குக் காது கூர்மை. "எழும்பி நிக்கணுமா மோளே? அப்பம் இது ஒதவாது" என்று அவரே உள்ளே போனார். வேலைக்காரர்களை வைத்துக் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த வெளியில் பெரிய கூடாரம் ஒன்றை அடித்துக் காட்டினார். காக்கி நிறம், மேலே இரட்டைக் கூரை. நான் உள்ளே போய் நின்றேன். நடுவில் கையை உயர்த்தினாலும் துணி தட்டவில்லை. வெயில் துணி வழியாக இறங்கி உள்ளே எல்லாம் மஞ்சளாக இருந்தது. பக்கத்துணியில் கறுப்பு மையில் ஏதோ நம்பர் எழுதியிருந்தது. பத்தொன்பது வயதுவரை எனக்கென்று ஒரு அறை இருந்ததில்லை. வெளியே வந்து, "இது போதும்" என்றேன்.

"ஏட்டி, இதுக்குச் சுமட்டுக்கு மட்டும் ஆறு ஆளு வேணும்" என்றார் கணவர். ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. வாங்கினார்.

மற்ற சாமான்களை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே பொறுக்கினோம். அன்று பேசியதுபோல அதற்கு முன்னால் நாங்கள் பேசியதே இல்லை. தரையில் விரிக்க ரப்பர் போட்ட ஷீட்டு, இரண்டு மடக்குக் கட்டில், ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற அலுமினியப் பாத்திரங்கள், துணியில் தைத்த ஒரு வாளி. துணி வாளியைக் கண்டு நான் சிரித்துவிட்டேன். சாயிபு அதில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். துணி வியர்த்தது, ஒழுகவில்லை.

கடைசியாக அவர் ஒரு பையை உதறி விரித்தார். ஆள் நீளத்துக்குப் பச்சைப் பை. தலைப்பக்கம் முகம் மட்டும் தெரிய ஓட்டை, நெஞ்சுக்கு நேராக ஜிப்பு.

"எறகு வெச்சது மோளே. பனியில கெடந்தாலும் குளுராது. இதுக்குள்ள பூந்து ஒறங்கணும்."

பைக்குள் நுழைந்து தூங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தொட்டால் மட்டும் கோழிக்குஞ்சைத் தொட்டதுபோல இருந்தது. ஒன்றுதான் இருந்தது. "நீ வெச்சுக்கோ. எனக்குக் கம்பளி போதும்" என்றார் கணவர்.

அழகியபாண்டிபுரம் வரை பஸ், அங்கிருந்து மாட்டு வண்டி, பிறகு நடை. இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் நான் செய்த தப்பு தெரிந்தது. செயின்மேன்கள் நாலு பேருக்கும் ஓடைக்கரையில் ஓலைக் கொட்டகை இருந்தது. அதற்குப் பக்கத்தில் எல்லாம் சரிவு. என் கூடாரத்துக்குச் சமதரை வேண்டும். சமதரை மேட்டின்மேல்தான் இருந்தது. கூப்பிட்டால் கேட்காத தூரம். சின்னக் கூடாரமாக இருந்தால் கொட்டகையை ஒட்டி எங்கேயாவது சொருகியிருக்கலாம்.

காலையில் பாலில்லாத கட்டஞ்சாயா குடித்துவிட்டு அவர் கிளம்பிவிடுவார். செயின்மேன் ஒருவர் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். குலசேகரத்துக்காரர். என் முகத்தைப் பார்க்காமல், "வெள்ளம் வெச்சிருக்கு" என்று மரத்திடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு இறங்கிப் போவார். அதற்குப் பிறகு மாலை நாலு மணிவரை மனிதக் குரல் கிடையாது.

முதல் வாரம் வேலை இருந்தது. அடுப்புக்குக் கல் பார்த்துப் போட்டேன். கூடாரத்தைச் சுற்றிச் சாம்பல் தூவினேன். அட்டை கடிக்காமலிருக்கப் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் பூசப் பழகினேன். இரண்டாவது வாரம் வேலை எல்லாம் ஒன்பது மணிக்கே முடிந்துவிட்டது. அலுமினியப் பாத்திரங்களைப் பிரித்துத் துடைத்துத் திரும்ப ஒன்றுக்குள் ஒன்று போடுவேன். மறுபடியும் பிரிப்பேன். பக்கத்துணியில் எழுதியிருந்த நம்பரை வாய்விட்டு வாசிப்பேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்கும். தூரத்தில் மரத்துக்கு மரம் கருங்குரங்கு கூப்பிடும்போது அதற்காவது துணை இருக்கிறது என்று தோன்றும்.

அவர் வருவார், குளிப்பார், சாப்பிடுவார். பிறகு ஃபீல்டு புத்தகத்தைத் திறந்துவைத்து அன்றைக்கு அளந்ததை எழுதுவார். கெட்ட மனிதர் இல்லை. சோறு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பார். பகலில் நான் என்ன செய்தேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கூடாரமும் கட்டிலும்போல நானும் வைத்த இடத்தில் இருப்பேன் என்று நினைத்திருப்பார்.

சித்திரை பாதியில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல்போல இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. மதியம் மேலே இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. கோடை மழை ஒரு மணி நேரம் அடித்துவிட்டு விடும். அன்று விடவில்லை. குளிரில் பல் அடித்துக்கொண்டது. பச்சைப் பைக்குள் நுழைந்து கட்டிலில் படுத்து, உள்ளேயிருந்தபடியே ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் சூடு வந்தது. உறங்கிப்போனேன்.

காலடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டு முழித்தேன். மேலே மலையிலிருந்து வடிந்த வெள்ளம் பக்கத்துணிக்கு அடியில் புகுந்து கூடாரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அரிசி டின் தரையில்தான் இருந்தது. எழும்பப் பார்த்தேன். ஜிப்பு வரவில்லை. புடவை முந்தானை அதன் பல்லுக்குள் சிக்கித் தாடைக்குக் கீழே இறுகிக் கிடந்தது. கைகள் இரண்டும் உள்ளே. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன், இன்னும் இறுகியது. உருண்டு பார்த்ததில் கட்டிலோடு சாய்ந்து தண்ணீரில் விழுந்தேன். எழுந்து உட்காரவும் முடியவில்லை, புரண்டு கவிழ்ந்தால் மூக்கு தண்ணீருக்குள் போகிறது. மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்தேன். நான் ஆசைப்பட்ட அந்த உயரம் எங்கேயோ மேலே இருந்தது.

கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது? கணவரை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் அழைக்கமாட்டார்கள். "இஞ்ச பாருங்க" என்றுதான் பழக்கம். அது எதிரே இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற சொல். மழைக்குள் கிடந்து "இஞ்ச பாருங்க, இஞ்ச பாருங்க" என்று கத்தினேன். யார் எங்கே பார்ப்பது? அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா பூதப்பாண்டியில் இருந்தாள். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஒரு தடவை சொன்ன பிறகு கூச்சம் போய்விட்டது. தொண்டை அடைக்கும்வரை அந்தப் பெயரையே கத்தினேன். மழை அதை மேட்டைத் தாண்ட விடவில்லை.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது. அழுது ஓய்ந்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. கழுத்தை வளைத்து முந்தானை நூலைப் பல்லில் பிடித்தேன். இழை இழையாகக் கடித்தேன். கல்யாணத்துக்கு அண்ணன் எடுத்துக் கொடுத்த புடவை. கால்வாசி கிழிந்த பிறகு ஜிப்பு ஒரு விரல் அகலம் இறங்கியது. அதற்குள் விரலை விட்டு நெம்பி ஒரு கையை வெளியே எடுத்தேன்.

அவர் வருவதற்குள் கட்டிலை நிமிர்த்தினேன். ரப்பர் ஷீட்டைத் துடைத்தேன். நனைந்த அரிசியில் கஞ்சி வைத்தேன். அவர் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். கஞ்சியைக் குடித்துக்கொண்டே என் முந்தானையைப் பார்த்தார்.

"அது என்ன, கிழிஞ்சிருக்கு?"

"முள்ளு மாட்டிட்டு."

"பாத்து நடக்கப்பிடாதா?" என்று சொல்லிவிட்டு ஃபீல்டு புத்தகம் நனைந்துவிட்டதா என்று பார்க்கப் போனார். அவர் இன்னொரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வாய்வரை வந்து நின்றது. கேட்கவில்லை. நானும் விழுங்கிவிட்டேன்.

எடவப்பாதி தொடங்கும் முன் என்னைக் கீழே ஒழுகினசேரியில் அவர்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அந்த வருஷம் வேலை முடியாததால், மிச்சமிருந்த கல்லை மழையிலேயே நட்டு முடிக்க அவர் மட்டும் திரும்பிப் போனார். அந்த வீட்டில் பதினொரு பேர். ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் அடுக்களைக்குள் நுழைந்தால் பேச்சு குறையும். மலையில் யாரும் இல்லாமல் தனியாக இருந்தேன். இங்கே இத்தனை பேர் இருந்தும் தனியாகத்தான் இருந்தேன்.

ஆடியில் அவர் இரண்டு நாள் லீவில் வந்தார். மதியம் எல்லாரும் சாய்ந்திருந்த நேரம். நான் புறவாசலில் உட்கார்ந்து பலாச்சக்கைக் கொட்டை தோல் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து தூணில் சாய்ந்து நின்றார். பிறகு சொன்னார்.

"நான் இப்பம் கூடாரத்துல ஒறங்கதில்ல, கேட்டியா."

"பின்ன எங்க?"

"கொட்டகையிலதான். அவனுவ கூட. அந்தக் கூடாரத்துல ஒத்தைக்கு இருக்க முடியல்ல. என்னமோ மாதிரி வருகு."

என் கை நின்றுவிட்டது. சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"நாலு மாசம் பகல் முழுக்க நான் ஒத்தைக்குத்தான் அதுல இருந்தேன்" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. காய்ச்சல், மழை, ஜிப்பு, தண்ணீரில் கிடந்தது, பல்லால் கடித்தது எல்லாவற்றையும் சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னேன். அவர் என் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னத்துக்கு அப்பமே சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்ல."

ஒரு கொட்டையை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டே, "கூப்பிட்டியா?" என்றார்.

"கூப்பிட்டேன்."

"நீ என்னண்ணு கூப்பிட்டா?"

உரித்த கொட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த தையில் மறுபடியும் மலைக்குப் போகும் சமயம் வந்தது. வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஒருநாள் பச்சைப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். தையற்கடையில் கொடுத்து ஜிப்பைப் பிரித்து எடுத்துவிட்டு நாடா வைத்துத் தைத்திருந்தார். முடிச்சை ஒரு கையால் அவிழ்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு நான் என் துணிகளை மடக்க ஆரம்பித்தேன்.

இந்தத் தடவை ஓடைக்கரையிலேயே சரிவை வெட்டிச் சமப்படுத்திக் கூடாரத்தை அடித்தார். இரண்டு நாள் அவரும் மண்வெட்டி பிடித்தார். ஆனால் பகலில் கொட்டகையும் காலி என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. வேலை தொடங்கிய முதல் நாளே எல்லாரும் ஒன்றாகக் காலையில் மலையேறிப் போனார்கள். ஓடைச் சத்தம் மட்டும்தான் புதிது.

அன்று மாலை அவர் குளித்துவிட்டு வந்தார். ஃபீல்டு புத்தகத்தைத் திறக்கவில்லை. கட்டில் ஓரத்தில் நேராக உட்கார்ந்தார்.

"இண்ணைக்கு நீ என்ன செய்தா?" என்று கேட்டார். மேலதிகாரி விசாரிப்பதுபோல இருந்தது. கேட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

ஒரு வருஷமாகச் சொல்லச் சேர்த்து வைத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"தேங்கா தொவையல் அரைச்சேன்" என்றேன்.

"ம்" என்றார். இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.